குப்பையை எண்ணிய வகுப்பறைகள்: சிலி நாட்டுக் கடற்கரைகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

கடலில் பிளாஸ்டிக் என்றதும் பள்ளிகளுக்கு முதலில் தோன்றுவது கடற்கரைத் தூய்மைப் பணி. கையுறை, சாக்குப்பை, பதாகை, ஒரு மணி நேர வேலை, முடிவில் நிரம்பிய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று ஒரு குழுப்படம். மறுவாரம் அதே மணலில் அதே அளவு குப்பை ஒதுங்கிக் கிடந்தால் அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. தூய்மைப் பணி வீண் என்று சொல்ல வரவில்லை. ஒரு பை ஆமையின் வயிற்றுக்குள் போகாமல் தடுக்கப்பட்டாலும் அது நன்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்தின் பலம் குனிந்து பொறுக்கும் கைகளில் மட்டும் இல்லை. அளக்கவும், சராசரி காணவும், வரைபடம் போடவும் தினமும் கற்றுத்தரும் இடம் அது. முப்பது பேரை ஒரே வேலையை ஒரே முறையில் செய்யவைக்கும் ஒழுங்கு அங்கே உண்டு. கடலை ஆராய்கிறவர்கள் இப்படிப்பட்ட ஆள்பலத்துக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டு, மாணவர்களிடம் சாக்குப்பைக்குப் பதிலாகப் பதிவுத் தாளைக் கொடுத்துப் பார்த்த நாடு சிலி.

ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரிப்பன் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிலி, வடக்கு தெற்காக 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. இத்தனை நீளக் கரையில் எவ்வளவு குப்பை கிடக்கிறது என்று அறிய ஓர் ஆய்வுக் குழு வண்டியில் புறப்பட்டால், வடக்கில் எண்ணத் தொடங்கித் தெற்கை அடைவதற்குள் பருவம் மாறிவிடும். கோடை விடுமுறைக் கூட்டம் விட்டுப்போனதும் குளிர்காலப் புயல் கொண்டுவந்து போட்டதும் ஒரே கணக்கில் கலந்துவிடும். ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டுமானால் ஏறக்குறைய ஒரே காலத்தில் எல்லா இடங்களிலும் எண்ண வேண்டும். எந்த ஆய்வு நிதியும் அதற்கு வேண்டிய ஆட்களை அமர்த்தித் தராது. அந்த ஆட்களோ கரையோர ஊர்கள் எங்கும் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோகிம்போ நகரில் வடக்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் புலம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய கடல் உயிரியலாளர் மார்ட்டின் தீலும் அவரது குழுவினரும் 2007-ல் 'குப்பை விஞ்ஞானிகள்' என்ற பொருள்படும் ஸ்பானியப் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். எப்படி எண்ணுவது என்பதைப் பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுக்கும். ஆசிரியர் அதை வகுப்பில் நடத்தி மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்வார். எண்ணிக்கையும் மாதிரிகளும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வரும். ஆய்வாளர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தொகுத்து, மற்ற ஆய்வாளர்கள் தணிக்கை செய்யும் அறிவியல் இதழ்களில் வெளியிடுவார்கள். இந்தக் கடைசிப் படிதான் என்னை இந்தத் திட்டத்தின் பக்கம் இழுத்தது. மாணவர் எடுத்த கணக்கு பள்ளிச் சுவரொட்டியோடு முடிந்துபோகவில்லை. கடல் குப்பை பற்றிப் பேசும் எவரும் மேற்கோள் காட்டக்கூடிய தரவாக அது ஆனது.

ஒரு சதுரத்துக்குள் என்ன நடக்கிறது

எண்ணுவது எளிது என்று தோன்றும். இறங்கிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

2008-ல் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு நடந்தது. நீர் விளிம்பிலிருந்து கரையின் மேற்பகுதி வரை ஒரு கோடு இழுத்து, அதன்மேல் இடைவெளி விட்டுச் சதுரங்கள் குறிக்க வேண்டும். சதுரத்துக்குள் கிடப்பதை மட்டும் வகை பிரித்து எண்ண வேண்டும்: பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், காகிதம், சிகரெட் துண்டு என்று. சதுரத்துக்கு ஒரு சாண் வெளியே ஒரு முழுச் செருப்பு கிடந்தாலும் அது கணக்கில் வராது. சிறுவர்களுக்கு இதை ஒப்புக்கொள்ளவைப்பது லேசான காரியம் இல்லை. குப்பை தேட வந்தவனின் கண் குப்பை அதிகமுள்ள இடத்துக்கே போகும். சதுரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் என்ன என்று கை பரபரக்கும். அப்படி நகர்த்திவிட்டால் கிடைப்பது கரையின் கணக்காக இருக்காது, எண்ணியவரின் ஆர்வத்தின் கணக்காகத்தான் இருக்கும். அதைவிடக் கடினமானது பூஜ்யம். சதுரத்தில் எதுவுமே இல்லாவிட்டால் '0' என்று எழுத வேண்டும். வெறுங்கையோடு திரும்பியதாக நினைத்து அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டால் சராசரி பொய்யாக உயர்ந்துவிடும். ஒன்றும் கிடைக்காததும் ஒரு முடிவுதான் என்ற பாடத்தை இவ்வளவு நேராகச் சொல்லித்தரும் களம் பள்ளிப் பாடத்திட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த முதல் கணக்கெடுப்பில் கிடைத்த சராசரி, சதுர மீட்டருக்கு 1.8 பொருள்கள். முன்னணியில் நின்றவை பிளாஸ்டிக், சிகரெட் துண்டு, கண்ணாடி. சிகரெட் துண்டைத் தனியாகச் சொல்வது வழக்கமே தவிர, அதன் வடிகட்டியும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனதுதான். பஞ்சு போலத் தெரிவதால் மண்ணோடு மண்ணாக மக்கிவிடும் என்று எண்ணி மணலில் குத்தி அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

சல்லடையில் நின்றவை

அடுத்த வேலை நுணுக்கமானது. கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கை வெயிலின் புற ஊதாக் கதிர் நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அலையும் மணலும் அதை உரசி உடைக்கின்றன. வாளி துண்டாகிறது, துண்டு துணுக்காகிறது. பொருள் மறைந்தது போலத் தோன்றும்போது உண்மையில் அதன் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. கண் பார்வைக்கு எளிதில் அகப்படாத இந்தத் துணுக்குகளை எண்ணச் சிலியின் 39 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள் இறங்கினார்கள். பிரதான நிலப்பகுதியின் பள்ளிகளோடு ஈஸ்டர் தீவும் சேர்ந்துகொண்டது.

அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை மணல்மேல் வைத்து, மேலாக இரண்டு சென்டிமீட்டர் மணலை மட்டும் அள்ளி, 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். ஈர மணல் சல்லடையில் அப்பிக்கொள்ளும். உலர்ந்த மணல் கீழே இறங்கும். மேலே நிற்பது சிப்பித் துண்டு, குச்சி, கூழாங்கல், அவற்றின் நடுவே பிளாஸ்டிக். வெள்ளைச் சிப்பியின் உடைசலும் வெளுத்துப்போன பிளாஸ்டிக் துணுக்கும் முதல் பார்வைக்கு அண்ணன் தம்பிகள். விரலால் அழுத்தியும் விளிம்பைப் பார்த்தும்தான் பிரிக்க முடியும். உடைந்த துணுக்குகள், தெர்மகோல் உருண்டைகள், ஆலைகள் உருக்கி வார்ப்பதற்காக வாங்கும் பயறு அளவிலான மூலப்பொருள் மணிகள் எல்லாம் தனித்தனியே பிரிகின்றன. மூன்றாவது வகை முக்கியமானது. எந்த வீட்டிலும் யாரும் அதை வாங்கிப் பயன்படுத்தி எறிந்திருக்க முடியாது. ஆலையிலோ, துறைமுகத்திலோ, போகும் வழியிலோ சிந்தியது அது. மாணவர் கையில் அப்படி ஒரு மணி அகப்பட்டால், 'நாம் குப்பை போடக்கூடாது' என்ற வழக்கமான அறிவுரைக்கு வெளியே ஒரு கதை தொடங்கிவிடுகிறது.

பள்ளிப் பிள்ளைகள் எண்ணியதை எப்படி நம்புவது? ஆய்வாளர்கள் இதற்கு வாய்ச்சொல்லால் பதில் சொல்லவில்லை. மாதிரிகள் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் மறுபடி எண்ணினார்கள். மாணவர்கள் அறிவுறுத்தலைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறார்கள், அவர்கள் தந்த தரவு நம்பத்தக்கது என்று 2013-ல் வெளியான கட்டுரையில் எழுதினார்கள். எல்லா மாதிரியையும் மறுபடி எண்ணுவது பெரிய வேலை. ஆனால் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்தத் திட்டத்தின் எந்த எண்ணும் ஒரு கேள்வியைக் கூடத் தாங்கியிருக்காது.

பிரதான நிலப்பகுதியில் கிடைத்த சராசரி சதுர மீட்டருக்கு 27 துணுக்குகள். முன்பு பெரிய பொருள்களை எண்ணியபோது கிடைத்தது 1.8. இரண்டும் வேறு வேறு கணக்கெடுப்புகள்; வகுத்துப் பெருக்கி நுட்பமான விகிதம் எதையும் சொல்லக்கூடாது. என்றாலும் ஒன்று விளங்குகிறது: சாக்குப்பையோடு வருகிறவர் பொறுக்கிச் செல்வது கரையில் இருப்பதன் சிறு பகுதியை மட்டுமே. அவர் போன பிறகு 'சுத்தமாகிவிட்ட' மணலில் சல்லடை வைத்தால் இன்னொரு கணக்கு எழுந்து நிற்கும்.

தீவின் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

ஈஸ்டர் தீவில், அதாவது ராப்பா நூயியில், கிடைத்த எண்ணைப் பார்த்ததும் திரும்ப ஒருமுறை படிக்கத் தோன்றும். சதுர மீட்டருக்கு 800-க்கும் மேல்.

நிலப்பகுதியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் தீவு அது. அங்குள்ளவர்கள் அவ்வளவு பிளாஸ்டிக்கை வாங்கவும் இல்லை, எறியவும் இல்லை. தென் பசிபிக் பெருங்கடலில் நீரோட்டங்கள் பெரும் சுழலாகச் சுற்றுகின்றன. மிதப்பவை அதன் உட்பகுதியை நோக்கி மெல்லச் சேர்கின்றன. அந்தச் சுழலின் பாதையில் தீவு இருப்பதால், வேறு எங்கிருந்தோ புறப்பட்டு வழியெல்லாம் உடைந்து நொறுங்கியவை அதன் மணலில் வந்து இறங்குகின்றன. பிரதான நிலப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே துணுக்குகள் கரையோர நகரங்களோடும் அவற்றின் தொழில்களோடும் தொடர்புடையவையாகத் தெரிந்தன. பெரிய குப்பையில் பெரும்பகுதி கடற்கரைக்கு வந்துபோகிறவர்கள் விட்டது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் 'கடலில் குப்பை போடாதீர்கள்' என்று ஒரே சுவரொட்டியை ஒட்டினால் என்ன ஆகும்? நிலப்பகுதிக் கடற்கரை நகரத்தில் அதற்குப் பொருள் உண்டு. குற்றவாளி அந்த ஊரிலேயே இருக்கிறார். தீவில் அதே வாசகம் பாதிக்கப்பட்டவரிடமே பழியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தீவின் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூடக் கீழே போடாமல் இருந்தாலும் அந்த 800 குறையாது. அவர்கள் பேச வேண்டியது மீன்பிடிக் கப்பல்களை அனுப்பும் நாடுகளிடமும் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்கிறவர்களிடமும். யாரிடம் பேச வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. எண்ணாமல் நடத்தப்படும் விழிப்புணர்வு பெரும்பாலும் கைக்கு எட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. பள்ளியில் கைக்கு எட்டுகிறவர்கள் மாணவர்கள்.

எட்டு ஆண்டுகள், அசையாத எண்

முதல் கணக்கெடுப்புக்குப் பிறகு 2012-லும் 2016-லும் திரும்ப எண்ணினார்கள். கரையெங்கும், பார்த்த கடற்கரை ஒவ்வொன்றிலும் குப்பை இருந்தது. மூன்று முறையும் முன்னணியில் பிளாஸ்டிக்கும் சிகரெட் துண்டும். வடக்கே அந்தோஃபகாஸ்தா பகுதி மற்றப் பகுதிகளைவிட மோசம். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் நீர் விளிம்பைவிடக் கரையின் மேற்பகுதியில் குப்பை அதிகம். மக்கள் உட்காரும் இடம் அதுதான், சாதாரண அலை எட்டாத இடமும் அதுதான் என்பதை நினைத்தால் வியப்பில்லை.

பொருளாதாரம் வளரும் நாட்டில் குப்பையும் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த கருத்து. எட்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பொருளாதார வளர்ச்சி மட்டுமே குப்பையின் போக்கைத் தீர்மானிப்பதில்லை என்று அவர்கள் முடிவு எழுதினார்கள்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். பள்ளிகள் எண்ணின, மாணவர்கள் கற்றார்கள், ஆனால் நாட்டின் கடற்கரைகள் மொத்தத்தில் சுத்தமாகிவிடவில்லை. ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டுக்கொள்ள முடியாத முடிவு இது. குழுப்படம் எடுக்கிற திட்டங்களில் இப்படி ஒரு முடிவு ஒருபோதும் வெளிவராது, ஏனென்றால் வெளிவரும்படி அங்கே எதுவும் அளக்கப்படுவதில்லை. கணக்கு வைத்திருந்ததால்தான் சிலியில் இந்த உண்மை தெரிந்தது: மாணவருக்குச் சொல்லித்தருவது மட்டும் கரையைச் சுத்தமாக்காது.

அப்படியானால் எது ஆக்கும்? சிலியின் கரைகளையும் ஜெர்மனியின் கரைகளையும் இரு நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து எண்ணிய இன்னோர் ஆய்வு இதற்குச் சற்று அருகே போகிறது. சிலியில் குப்பை ஜெர்மனியைவிட வெகுவாக அதிகம். சுற்றுலா, கப்பல் போக்குவரத்து, மீன்பிடிப்பும் கடல் பண்ணையும் என்று எந்தத் தொழில் எங்கே ஓங்கியிருக்கிறதோ அதற்கேற்ப அங்குள்ள குப்பையின் கலவையும் மாறுகிறது. கலவையைப் பார்த்தே மூலத்தை ஓரளவு ஊகிக்கலாம். சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் கல்வியும் உதவும். ஆனால் உருப்படியாகக் குறைய வேண்டுமானால் பிளாஸ்டிக் உற்பத்தியும் நுகர்வும் குறைய வேண்டும் என்று முடிக்கிறார்கள். பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்தவர்களே பள்ளியால் ஆகாதது எது என்று எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சிலியின் சட்டமும் இதே காலத்தில் நகர்ந்தது. கடைகளில் பிளாஸ்டிக் பைகள் கொடுப்பதை நாடு முழுவதும் தடை செய்யும் 21,100-ஆம் எண் சட்டம் 2018 ஆகஸ்டில் வெளியானது. பெரிய கடைகளுக்கு ஆறு மாத அவகாசம், சிறு கடைகளுக்கு இரண்டு ஆண்டு. உணவகங்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் முறைப்படுத்தும் சட்டம் 2021-ல் வந்தது. மாணவர்களின் கணக்குதான் இவற்றைக் கொண்டுவந்தது என்று எழுத ஆசையாக இருந்தாலும் அப்படி எழுத மாட்டேன். சட்டங்கள் பல கைகளால் ஆனவை. அந்தச் சட்டங்களுக்கு முந்தைய நிலை எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கணக்கெடுப்புகளின் தரவு நாட்டின் கையில் இருக்கிறது என்பதே போதுமான சாதனை. பிறகு இந்தக் கணக்கெடுப்பு முறை சிலியைத் தாண்டியும் பரவி, லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையில் 12,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கணக்கெடுக்கும் அளவுக்கு விரிந்தது.

ஆற்றங்கரை வகுப்பு

கடலே இல்லாத ஊர்ப் பள்ளி என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஜெர்மனியில் 2016-ல் தொடங்கிய 'பிளாஸ்டிக் கொள்ளையர்' திட்டம் பதில் வைத்திருக்கிறது. சிலிக் குழுவோடு நெருங்கிய உறவுள்ள திட்டம் இது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆற்றங்கரைகளில் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டங்கள் போட்டு எண்ணினார்கள். இன்னொரு குழு நீரோட்டத்தில் வலையைக் கட்டி மிதப்பதைப் பிடித்தது. கரையில் கிடைத்த சராசரி சதுர மீட்டருக்கு 0.54 பொருள். இதைச் சிலியின் 1.8-க்குப் பக்கத்தில் வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போடத் தோன்றும், கூடாது. ஆற்றங்கரை வேறு, கடற்கரை வேறு. குப்பைக்கு முதன்மைக் காரணமாக மாணவர்கள் கண்டது ஆற்றங்கரைக்குப் பொழுதுபோக்க வந்தவர்களை. உடைந்த கண்ணாடி போன்ற ஆபத்தான பொருள்கள் பல இடங்களில் அகப்பட்டன என்பதை, வகுப்பை வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது.

இன்னொரு பள்ளி தொடங்குவதானால்

இந்தத் திட்டங்களுக்குச் செலவான பொருள்கள் அற்பம்: கயிறு, அளவுநாடா, சல்லடை, படிவம். கிடைக்காதது தொடர்ச்சி. எங்கேயும் இத்தகைய வேலை ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரின் தோளில் ஏறுகிறது. அவர் மாற்றலாகிப் போனதும் இறங்கிவிடுகிறது. ஆகவே எண்ணிய இடத்தின் அடையாளம், பருவம், சதுரத்தின் அளவு, எதை எந்த வகையில் சேர்த்தோம் என்பது எல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிப் பள்ளியின் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து அதே இடத்தில் அதே முறையில் எண்ண முடியாவிட்டால் இந்த ஆண்டின் எண்ணுக்குப் பெரிய பயன் இல்லை. எண்ணி முடித்த குப்பையை அள்ளிச் செல்லலாம், செல்லவும் வேண்டும். எண்ணுவதற்கு முன்னால் மட்டும் அள்ளக்கூடாது.

மறுபடி எண்ணிச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். பல்கலைக்கழகமோ கல்லூரியோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு வகுப்பின் மாதிரியை இன்னொரு வகுப்பு பார்க்காமல் எண்ணலாம்; இரண்டு எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பதையும் முடிவோடு சேர்த்து எழுத வேண்டும். கிடைத்த எண்ணை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்றும் முதலிலேயே பார்க்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகம், துறைமுக நிர்வாகம், ஏற்கெனவே நடக்கும் ஏதாவது ஒரு கணக்கெடுப்பு என்று யாராவது இருந்தால் அவர்களுடைய படிவத்தையே பயன்படுத்துவது நல்லது. சொந்தமாக அழகான படிவம் ஒன்றை உருவாக்கினால் யாருடைய கணக்கோடும் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

யாருமே இல்லையென்றால் பள்ளியே தன் கணக்கை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வாரம் பள்ளியின் குப்பைத் தொட்டிகளைத் தரையில் கொட்டி இதே முறையில் பிரித்து எண்ணிவிட்டு, அவற்றில் எதையெல்லாம் பள்ளி நிர்வாகமே விலை கொடுத்து வாங்கியது என்று தனி நெடுவரிசை போட்டால், தலைமை ஆசிரியரின் மேசைக்குப் போக வேண்டிய பட்டியல் தயார்.